எழுத்தில்லாத கொடியும் எழுத்துள்ள நான்கு துணிகளும்

1350 மி.மீ. நீளமும் 900 மி.மீ. உயரமும் உள்ள தேசியக் கொடியில் ஒவ்வொரு பட்டையும் 300 மி.மீ. அசோகச் சக்கரத்தின் விட்டம் 280. அப்படியென்றால் வெள்ளைப் பட்டையில் சக்கரத்துக்கு மேலே 10 மி.மீ., கீழே 10 மி.மீ. தான் மிச்சம். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையில் கால் இஞ்ச் பிசகினால் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். இந்த 10 மி.மீ. அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வாரம் என்னை உட்காரவைத்து வேலை வாங்கியது.

எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் கடைசியில் அதன் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, கடைக்கு வந்தார். அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்டு 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. வரும் ஜனவரி 26-இல் அதற்கு 75 ஆண்டு நிறைகிறது. நூலகத்தில் விழா எடுக்கிறோம், ஒரு கொடி தைத்துக் கொடு என்றார்.

"ஏனுங் அம்மிணி, சக்கரத்துக்குக் கீழ சின்னதா 75-னு போட்டுட்டா நல்லாருக்குமுங். பார்த்ததும் தெரியோணும் பாருங்க."

"இல்லீங் ஐயா, கொடியில ஒரு எழுத்துகூட போடக்கூடாதுங்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரில் கிரிக்கெட் நாளன்று கொடியில் பெயர் எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அது வழக்கம்போலத் தோன்றிவிட்டது. 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. கொடியின் மேல் எதையாவது எழுதுவது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்போ நாம சொல்ல வந்தத எங்கீங் சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் வேலை இரண்டாகப் பிரிந்தது. கொடியைக் கொடியாக, ஓர் எழுத்தும் இல்லாமல், அளவு பிசகாமல் தைப்பது ஒன்று. முகப்புரையில் உள்ள நான்கு சொற்களை, நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தனித்தனித் துணியில் எழுத்து வெட்டித் தைத்து வேறு இடத்தில் தொங்கவிடுவது இன்னொன்று.

கொடியைக் கடையில் வாங்கியிருக்கலாம். 2021 டிசம்பர் 30-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடியும் மெஷினில் நெய்த துணியும் செல்லும். 2022-இல் வீட்டுக்கு வீடு ஏற்றியவற்றில் அந்தக் கொடிகள் நிறைய. அதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கையால் நூற்று, கையால் நெய்த துணியில் ஒன்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்பா தறிக்காரர். கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் சென்னிமலை. 1932 ஜனவரி 10-இல் திருப்பூரில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் கொடியை விடாமல் பிடித்திருந்தவர். மறுநாள் இறந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தறியை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார். அதனால் கதரே என்று முடிவு செய்தேன்.

முதல் அடி துணியிலேயே விழுந்தது. ஒரு கடையில் காவி, பச்சை, வெள்ளை மூன்றிலும் வாங்கி வந்து, காவியில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். வெள்ளையில் சந்தனம் கரைத்து ஊற்றியது போல நிறம் இறங்கிவிட்டது. நாலு முறை அலசியும் தண்ணீர் தெளியவில்லை. உப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்று சொல்வார்கள். சாயம் சரியாக ஏறாத துணியை உப்பு காப்பாற்றாது, என் அனுபவத்தில் ஒருபோதும் காப்பாற்றியதில்லை. அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு வேறொரு கதர்க் கடையில் வேறு தானிலிருந்து எடுத்தேன். அது மூன்றாவது அலசலில் தண்ணீரைத் தெளிவாக விட்டது. கொடி தைக்க நினைக்கிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஈரத்துணி சோதனையைச் செய்துவிடுங்கள். மழையில் நனைந்த கொடியில் காவி வழிந்து வெள்ளையில் இறங்குவதைப் பார்க்க மனசு தாங்காது.

அடுத்தது சுருக்கம். புதுக் கதரில் கஞ்சி இருக்கும். வெள்ளையில் 500 மி.மீ. சதுரம் குறித்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயவைத்து அளந்தேன். பாவு வாக்கில் (தறியின் நீள நூல்) 480, ஊடு வாக்கில் (குறுக்கு நூல்) 491. அலசாமல் வெட்டித் தைத்திருந்தால் முதல் மழைக்கே நீளம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். நீளத்துக்கும் உயரத்துக்கும் 3-க்கு 2 என்ற கணக்கு கெட்டிருக்கும், சக்கரம் முட்டையாகியிருக்கும். மூன்று துணியையும் இரண்டு முறை ஊறவைத்து, காயவைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட்டு எடுத்தேன். இன்னொன்றும் கவனித்தேன். மூன்று பட்டைக்கும் பாவு ஒரே வாக்கில் ஓட வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பட்டையை மட்டும் குறுக்காக வெட்டினால் அது தனியாகச் சுருங்கி, தையல் ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பும். கொடியின் நீளம் பாவு வாக்கில் போகும்படி வைத்தேன். காற்றில் இழுபடுவது அந்தத் திசைதான், பாவு நூலுக்குத்தான் அந்த முறுக்கு உண்டு.

வெட்டிய கணக்கு இது. வெள்ளைப் பட்டை 312 உயரம், அதாவது 300 போக மேலும் கீழும் தையலுக்கு 6, 6. காவியும் பச்சையும் 321. ஒரு பக்கம் தையலுக்கு 6, வெளி ஓரம் இரட்டையாக மடிக்க 15. நீளம் மூன்றுக்கும் 1375. காற்றில் பறக்கும் முனையை மடிக்க 15, கம்பத்துப் பக்கம் கயிறு போகும் குழலுக்குள் செருக 10. கொடியின் 1350-ஐக் குழலின் உள் ஓரத்திலிருந்துதான் எண்ணினேன். சாக்பீஸ் கோட்டை நம்பாமல் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூலை உருவி, அந்த இடைவெளியில் கத்திரி ஓட்டினேன். கைத்தறித் துணியில் நேராக வெட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி சக்கரம். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

கொடிக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. சக்கரம் இரண்டு பக்கமும் முழுதாகத் தெரிய வேண்டும், வெள்ளைப் பட்டையின் நடுவில் இருக்க வேண்டும், கருநீலத்தில் 24 ஆரங்களோடு இருக்க வேண்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் சில கொடிகளில் ஆரத்தை எண்ணிப் பாருங்கள், 20 இருக்கும், 22 இருக்கும். என் மகள் பள்ளியில் கொடுத்த ஒன்றில் எண்ணி 21 என்று சொன்னாள். அவள் எண்ணியது சரிதான், நானும் எண்ணிப் பார்த்தேன்.

24 ஆகப் பிரிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, காம்பஸ் போதும். விட்டத்தில் பாதியான 140 மி.மீ. அகலத்துக்குக் காம்பஸை விரித்து வட்டம் போட்டு, காம்பஸின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு அடியில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் 12. மறுபடி பிரித்தால் 24. ஒவ்வோர் ஆரத்துக்கும் இடையே 15 டிகிரி. அடுத்தடுத்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஸ்கேலை நேராக வைத்தால் 36.5 மி.மீ. வர வேண்டும். 24 இடத்திலும் வைத்துப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் 38 வந்தது, அந்தப் புள்ளியைத் திருத்தினேன். ஆரம் ஒவ்வொன்றும் விளிம்பை நோக்கிக் கூராகப் போகும். இரண்டு ஆரங்களுக்கு நடுவில் விளிம்பின் உட்புறம் ஒட்டினாற்போல ஓர் அரைவட்டக் குமிழ் உண்டு. அதுவும் 24. பலர் அந்தக் குமிழை விட்டுவிடுகிறார்கள்.

வரைந்ததைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டி, அதன் மேல் நிறம் ஒற்றி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிளேடை எடுத்து நாலு ஆரம் வெட்டிய பிறகுதான் விளங்கியது. ஆரத்தையும் விளிம்பையும் குடம் என்கிற நடு வட்டத்தையும் வெட்டி எடுத்தால், ஆரங்களுக்கு நடுவே உள்ள 24 துண்டுகளும் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்துவிடும். அவற்றை நிறுத்த நடுவே பாலம் விட்டால் ஆரம் அறுந்து தெரியும். அச்சுத்தாள் முறை சக்கரத்துக்குச் சரிப்படாது. ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் வழி. சல்லடைத் துணியே எல்லாத் துண்டையும் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தம்பி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். டிரேசிங் பேப்பரில் கருப்பு மையால் வரைந்து கொடுத்தேன். சல்லடையில் எமல்ஷன் பூசி (வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும் பூச்சு), விளக்கில் காட்டி, தண்ணீரில் கழுவினார். சக்கரம் மட்டும் சல்லடையில் திறந்துகொண்டது. "அக்கா, ஒரே ஸ்க்ரீன் போதும். சக்கரத்த திருப்பிப் பார்த்தாலும் அதேதான்" என்றார். உண்மைதான், செங்குத்தாக ஓர் ஆரம் நிற்கும்படி வரைந்திருந்தால் இடவலம் மாறினாலும் உருவம் மாறாது. அந்த ஆரம் ஒரு டிகிரி சாய்ந்தால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் ஆகிவிடும், அதையும் அவர்தான் சொன்னார்.

அச்சை, பட்டைகளை இணைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கெட்டால் ஒரு வெள்ளைத் துண்டோடு போகும். எனக்கு இரண்டு துண்டு போயின.

முதல் துண்டில் முன்பக்கம் அழகாக விழுந்தது. காய்ந்ததும் திருப்பிப் போட்டு, நடுப்புள்ளியை மட்டும் பார்த்து ஸ்க்ரீனை வைத்து, மை தள்ளும் ரப்பரை இழுத்தோம். வெயிலில் தூக்கிப் பிடித்தபோது சக்கரம் இரட்டையாகத் தெரிந்தது. 3 மி.மீ. விலகல். ரப்பரை இழுக்கும்போது துணியும் கூடவே நகர்ந்திருக்கிறது. இரண்டாவது துண்டில் துணியை அட்டையோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டு அசையாமல் நிறுத்தினேன். இடம் சரியாக வந்தது, ஆனால் வேறு கோளாறு. கையால் நூற்ற நூலில் தடிமன் ஒரே சீராக இருக்காது. தடித்த இழை வந்த இடத்தில் மை பிடிக்காமல் வெள்ளைப் புள்ளி விழுந்தது என்று இரண்டாம் முறை இழுத்தோம். குடத்தை ஒட்டி 24 ஆரமும் நெருங்கும் இடத்தில் மை வழிந்து, இடைவெளி அடைபட்டு, நீலத் திட்டு ஆகிவிட்டது.

மூன்றாவது துண்டுக்கு ஒரு ஞாயிறு முழுவதும் எடுத்துக்கொண்டோம். மையைக் கெட்டியாகக் கலந்தோம். அச்சுப் போடும் இடத்தை மட்டும் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து இழைகளைப் படியவைத்தேன். கம்பத்துப் பக்க வெட்டு விளிம்பிலிருந்து 685, மேல் விளிம்பிலிருந்து 156 என்று மையம் குறித்து, சக்கரத்துக்கு வெளியே நாலு திசையிலும் மெல்லிய ஊசியால் துளை குத்தினேன். அந்தத் துளைகள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. முன்பக்கம் அழுத்தமாக ஒரே இழுப்பு. ஒரு நாள் காயவிட்டு, வீட்டுக் கண்ணாடிக் கதவு ஒன்றைக் கழற்றி இரண்டு ஸ்டூலின் மேல் வைத்து, கீழே டியூப் லைட் போட்டு, துணியைத் திருப்பி விரித்தோம். ஒளியில் முன்பக்கச் சக்கரம் நிழலாகத் தெரிந்தது. நாலு துளையையும் ஸ்க்ரீனில் இருந்த நாலு குறியோடு பொருத்தி, தம்பி சட்டத்தை அமுக்கிக்கொள்ள நான் இழுத்தேன். தூக்கும்போது இரண்டு பேரும் பேசவில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். ஒரே சக்கரம். ஓர் ஓரத்தில் மட்டும் முடியளவு விலகல், அது எனக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். மறுநாள் மேலே ஒரு துணி போட்டு, ஒவ்வோர் இடமாக இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்து மையைச் சூட்டில் இறுக்கினேன்.

1947 ஜூலை 22-இல் அரசமைப்பு நிர்ணய சபையில் இந்தக் கொடியை ஏற்கும் தீர்மானத்தை நேரு கொண்டுவந்தார். அன்று பேசிய ராதாகிருஷ்ணன் சக்கரத்தை அசைவின் அடையாளமாகச் சொன்னார். தேங்கிப்போவதில் சாவு, அசைவில் வாழ்வு என்பது அவர் கருத்து. கண்ணாடிக் கதவின் மேல் குனிந்து நின்றபோது அது நினைவுக்கு வந்தது. அசைவதற்கென்று வரைந்த ஒன்றை ஒரு முடியளவும் அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இணைப்புத் தையலில் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று இருந்தது. சட்டைத் தோளில் போடுவது போல ஒரு பக்கமாக மடித்துத் தைத்தால் முன்பக்கம் நிறங்கள் ஒரு கோட்டில் சந்திக்கும், பின்பக்கம் மடிப்பின் அகலம் அளவுக்குத் தள்ளிச் சந்திக்கும். 8 மி.மீ. மடிப்பைக் காவியிலிருந்தும் பச்சையிலிருந்தும் வெள்ளையின் மேல் சாய்த்தால் பின்பக்க வெள்ளை 284 ஆகிவிடும். சக்கரம் 280. மேலும் கீழும் 2 மி.மீ. தான் இருக்கும், சக்கரம் நெரிபட்டது போலத் தெரியும்.

ஆகவே இரண்டு துணியின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மடிக்கும் தையலைப் போட்டேன், வெறும் 4 மி.மீ. அகலத்தில். முன்பக்கம் வெள்ளை மேலே, பின்பக்கம் காவி மேலே. பச்சைப் பக்கமும் அப்படியே. இதில் முன்பக்க வெள்ளை 304, பின்பக்க வெள்ளை 296. சக்கரத்தைச் சுற்றி ஒரு பக்கம் 12, மறுபக்கம் 8. ஒரு தையலில் வெள்ளையை மேலே விட்டு இன்னொன்றில் கீழே விட்டால் இரண்டு பக்கமும் சரியாக 300 வரும்தான். ஆனால் சக்கரம் நடுவிலிருந்து 2 மி.மீ. ஏறி இறங்கித் தெரியும். பட்டை இம்மி கூடிக் குறைவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், நடுவில் இருக்க வேண்டியது நடுவில் இல்லாததைப் பொறுக்காது. அதனால் முதல் வழியையே எடுத்தேன்.

4 மி.மீ. மடிப்பைக் கதரில் மெஷினுக்கு நேராகக் கொடுக்க முடியாது. முதலில் கையால் ஓட்டுத் தையல், பிறகு இஸ்திரி, பிறகு மெஷினில் இரண்டு வரி. மேல் நூல் வெள்ளை, கீழ் நூல் சுற்றும் பாபினில் காவி நூல். அப்போதுதான் இரண்டு பக்கமும் தையல் துணியின் நிறத்திலேயே மறையும். மேல் நூலின் இழுப்பு கொஞ்சம் இறுகினாலும் காவி நூல் வெள்ளைப் பக்கம் எட்டிப் பார்த்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். துண்டுத் துணியில் ஓட்டி ஓட்டிப் பார்த்தே மாலை போய்விட்டது. தையலைத் தொடங்கிய பிறகு 1375 மி.மீ.-யையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓட்டினேன்.

கம்பத்துப் பக்கக் குழல், ட்ரில் என்கிற கெட்டியான வெள்ளைத் துணியில். உள்ளே நூல் கயிறு, மேல் முனையில் மாட்ட விரல் நீள மரக்கட்டை, கீழே கண்ணி. கயிற்றைக் குழலோடு சேர்த்து இரண்டு முனையிலும் கையால் இறுக்கித் தைத்தேன். இல்லாவிட்டால் கொடி கயிற்றில் சறுக்கிக் கீழே குவியும்.

நான்கு சொற்களுக்கு வருகிறேன். பின்னணித் துணி கருநீலம், எழுத்து வெள்ளை. மூவண்ணத்தில் செய்ய வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். கொடியைத் தோரணமாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதி சொல்கிறது, அதைப் போலத் தோன்றும் ஒன்றையும் நான் செய்ய விரும்பவில்லை.

ஃபேப்ரிக் பெயின்டில் எழுதிவிட்டால் அரை நாள் வேலை என்று வாசகர் வட்டத்தில் சொன்னார்கள். வாத்தியார் ஐயா அதற்கு முந்தைய வாரம்தான் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையை எனக்குப் படிக்கக் கொடுத்திருந்தார். 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் இருக்கும் என்று அதில் எச்சரிக்கிறார். இன்னோர் இடத்தில், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் மேலே அடித்த பெயின்ட் பூச்சைவிட ஆழமாக இறங்காது என்கிறார். அதைப் படித்த கையால் அந்தச் சொற்களைப் பெயின்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வெட்டித்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நாலு துணியும் ஒரே நீளமாக இருந்தால் அழகு என்று முதலில் நினைத்தேன். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது நீதி இரண்டே எழுத்து, சகோதரத்துவம் எட்டெழுத்து. அதிலும் கோவுக்குக் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று எழுத்தின் இடம் வேண்டும். ஒரே நீளத் துணியில் அடைத்தால் நீதி கொட்டை எழுத்தாகவும் சகோதரத்துவம் பொடி எழுத்தாகவும் வரும். எழுத்தின் உயரத்தை எல்லாவற்றுக்கும் 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டு துணியின் நீளத்தை விட்டுக்கொடுத்தேன். நீதிக்கு 620, சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் 1300, சகோதரத்துவத்துக்கு 1900.

வளைவுகள்தான் நேரம் தின்றன. சு, து இரண்டிலும் சுழி வரும் இடத்தில் 5 மி.மீ. மடிப்பை உள்ளே தள்ள, விளிம்பில் மூன்று மி.மீ.-க்கு ஒன்றாகச் சிறு வெட்டுப் போட்டு ஊசி முனையால் ஒவ்வொன்றாக மடித்துத் தைத்தேன். புள்ளிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நாணயத்தைவிடப் பெரிதாகத் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நூலை இழுத்தால் துணி நாணயத்தைச் சுற்றிச் சுருக்குப் பையாக மூடிக்கொள்ளும். அப்படியே இஸ்திரி போட்டு, ஆறியதும் நூலைத் தளர்த்தி நாணயத்தை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கினால் அச்சு வார்த்தது போல வட்டம் கிடைக்கும். நான்கு சொற்களிலும் சேர்த்து ஆறு புள்ளிகள்.

இவற்றை எங்கே கட்டுவது என்பதிலும் பேச்சு வந்தது. கம்பத்தின் இரு பக்கமும் கட்டலாம் என்றார்கள். தேசியக் கொடிக்கு மேலேயோ பக்கத்தில் சரிசமமாகவோ வேறு கொடியோ தோரணமோ வைக்கக் கூடாது. நூலக வராந்தா கம்பத்திலிருந்து தள்ளி, தாழ்வாக இருக்கிறது, இருபது அடி நீளம். நாலு துணியும் நடுவில் சற்று இடம் விட்டு அங்கே பொருந்தின.

குடியரசு தினத்தில் கொடியை மடித்துக் கட்டி முன்பே உச்சியில் நிறுத்தி, அந்த நேரத்தில் அவிழ்த்து விரிக்கிறோம். சுதந்திர தினத்தில்தான் கீழிருந்து ஏற்றுவது. அவிழும் முடிச்சில் தவறு நேர்ந்தால் எல்லார் முன்னாலும் கொடி திறக்காமல் தொங்கும். இருபத்தைந்தாம் தேதி மாலை ஒரு துண்டைக் கட்டிப் பதினைந்து தடவை இழுத்துப் பார்த்தோம். மூன்று தடவை சுருக்கு இறுகிக்கொண்டது. கயிறு புதுசு, முறுக்கு விடவில்லை. இரவு அதைத் தண்ணீரில் நனைத்து, நீட்டிக் கட்டிக் காயவைத்தேன். காலையில் இறுகவில்லை. உள்ளே பூவிதழ் வைக்க விதி இடம் கொடுக்கிறது. ஈரச் செவ்வந்தி கதரில் கறை விடும் என்று சொல்லி, முதல் நாளே உதிர்த்து உலர்த்திய ரோஜா இதழ் ஒரு கைப்பிடி மட்டும் வைத்தேன்.

கொடியை விரித்தவர் எங்கள் ஊரில் முப்பது வருடம் தூய்மைப் பணி செய்து ஓய்வுபெற்ற அம்மா. 2020-இல் நம் மாநிலத்தில் ஓர் ஊராட்சித் தலைவரைச் சாதியைச் சொல்லிக் கொடியேற்ற விடவில்லை என்று செய்தி வந்ததே, அதை வாத்தியார் ஐயா மறக்கவில்லை. யார் கயிற்றைப் பிடிப்பது என்ற பேச்சு எழுந்ததும் முதலில் இவர் பெயரைத்தான் சொன்னார். அந்த அம்மா முந்தின நாளே வந்து, "எந்தக் கயிறு கண்ணு, ஒருக்கா காட்டு" என்று கேட்டு மூன்று முறை இழுத்துப் பழகிவிட்டுப் போனார்.

காலை எட்டு மணிக்கு ஒரே இழுப்பில் திறந்தது. காற்று அதிகம் இல்லை. கதர் கனமானது, பாலியஸ்டர் போல எடுத்ததும் படபடக்காது. கொஞ்ச நேரம் மடிப்பு மடிப்பாகவே தொங்கியது. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி "இந்திய மக்களாகிய நாம்" என்று முகப்புரையை வாசிக்கத் தொடங்கியபோது மலைப் பக்கமிருந்து காற்று வந்து பட்டைகளைப் பிரித்தது. கிழக்கு வெயில் கொடிக்குப் பின்னால் இருந்தது. நான் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளி ஊடுருவியும் அது ஒரே சக்கரமாகவே தெரிந்தது.

இப்போது இரவிலும் பறக்கவிட 2022-இல் அனுமதி வந்துவிட்டது என்றாலும், நாங்கள் சூரியன் சாய்வதற்குள் இறக்கினோம். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, சக்கரம் மேலே தெரிய, உள்ளங்கைகளில் ஏந்தி உள்ளே கொண்டு போனோம். மடிக்கும்போது பறக்கும் முனையின் கீழ்மூலையில் ஓரத் தையல் ஒரு விரல் நீளம் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரே நாளில். கொடியில் முதலில் தேய்வது அந்த மூலைதான். நான் அங்கே இரண்டு வரி மட்டும் ஓட்டியிருந்தேன், நாலு வரி வேண்டும். மூலையில் மடிப்புக்குள் முக்கோணத் துண்டு ஒன்றும் வைக்க வேண்டும். கொடி இப்போது கடையில் என் பீரோவில் இருக்கிறது. பச்சைத் தானில் மிச்சம் இருந்த துணியை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் 15-க்குள் அந்த மூலையை முடித்துக் கொடுக்க வேண்டும். சமத்துவத்தின் ம் மேலிருந்த புள்ளியும் ஒரு பக்கம் விட்டிருக்கிறது, அதையும்.